பூட்டிய மில், காலியான சால்: மும்பையின் பாழடைந்த கட்டடங்களைப் படமெடுக்க எந்த வழி?

சயானிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இளைஞர்கள் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். கேமரா வாங்கி ஓராண்டு ஆகியிருக்கும். கல்யாண ஆல்பமும் கணபதி ஊர்வலமும் அலுத்துப்போயிருக்கும். பரேல் பக்கத்து மூடிய துணி மில்களையோ தென் மும்பையின் காலியான சால்களையோ (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள பழைய வாடகைக் குடியிருப்புகள்) ஒரு தொடராக எடுத்துக் கண்காட்சி வைக்க ஆசை. "அண்ணா, வெளியே நின்று எடுத்தால் போதுமா? அனுமதி கேட்டு அலைந்தால் கிடைக்குமா? நிறையப் பேர் சுவர் ஏறி உள்ளே போகிறார்களே, நானும் போகட்டுமா?"

எந்தக் கேமரா என்று கேட்காமல் எங்கே நிற்பது என்று கேட்பதே நல்ல அறிகுறி. இவ்வகைப் படங்களின் தரத்தைப் பாதிக்கு மேல் முடிவுசெய்வது, எடுத்தவர் எங்கே நின்றார், யாருடைய சம்மதத்தோடு நின்றார் என்பவைதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மும்பையில் கைவிடப்பட்ட கட்டடம் என்று எதுவும் கிடையாது. நிலத்தின் விலை அதற்கு இடம் கொடுப்பதில்லை. கூரை விழுந்து ஆலமரம் முளைத்த சுவருக்கும் ஓர் உரிமையாளர், நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, பகடி என்ற பெரிய முன்தொகை கொடுத்துக் குடிவந்த வாடகைதாரர்கள், வாசலில் ஒரு வாட்ச்மேன் என்று எல்லாரும் இருப்பார்கள். காலா கோடாவில் நிற்கும் எஸ்பிளனேடு மேன்ஷனையே பாருங்கள். இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து 1860களில் எழுப்பிய வாட்சன் ஹோட்டல் அது. 1896 ஜூலை 7 அன்று லூமியே சகோதரர்களின் சலனப்படம் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டதும் அங்கேதான். பிறகு அறை அறையாகப் பிரிந்து வீடுகளும் வக்கீல் அலுவலகங்களுமாக மாறியது. 2005இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 2019இல் எல்லாரையும் வெளியேற்றினார்கள். இடித்துவிடலாம் என்றது ஓர் ஐ.ஐ.டி. அறிக்கை, காப்பாற்ற முடியும் என்று மரபுக் கட்டட வல்லுநர்கள் வாதாடினார்கள். தெருவில் போகிறவர் கண்ணுக்கு அது அநாதைக் கட்டடம். கோப்புகளிலோ அது மிகவும் சுறுசுறுப்பாக இருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் நான்கு வழிகள் தெரிகின்றன: பொது இடத்தில் நின்று எடுப்பது, கட்டணமோ கடிதமோ கொடுத்து உள்ளே போவது, யாருக்கும் சொல்லாமல் நுழைவது, காலி செய்கிறவர்களோடு சேர்ந்து எடுப்பது.

## எதை வைத்து எடை போடுவது

சட்டம் முதலில். பொதுச் சாலையில் நின்று கட்டடத்தைப் படமெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டடக் கலைப் படைப்புகளைப் புகைப்படம் எடுக்கவும் வெளியிடவும் விலக்கு அளிக்கிறது. கடற்படை, துறைமுகம் போன்ற இடங்களுக்கு வேறு விதிகள் உண்டு. கொலாபாவில் இதை மறக்கக் கூடாது. வேலிக்கு அந்தப் பக்கம் கதையே வேறு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவதற்கு மூன்று மாதம் வரையிலும், குடியிருப்பு போன்ற கட்டடத்துக்குள் நுழைந்தால் ஓராண்டு வரையிலும் சிறை உண்டு. குற்ற நோக்கமோ தொல்லை தரும் நோக்கமோ இருந்தால்தான் அது குற்றம் என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தைக் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்தது உடம்புக்கு வரும் ஆபத்து. பிறகு பணம்: டிக்கெட்டும் வாடகையும் கண்ணில் படும் செலவு, கண்ணில் படாத செலவுகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். எத்தனை மாதம் இழுக்கும் என்பது ஒன்று. எடுத்த படத்தை இடப்பெயரோடு, தேதியோடு, தலை நிமிர்ந்து வெளியிட முடியுமா என்பது இன்னொன்று. இதைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் படம் எதையாவது சொல்கிறதா? இடிந்த சுவரில் விழும் வெயில் எல்லா ஊரிலும் அழகாகத்தான் இருக்கும்.

| | தெருவிலிருந்து | அனுமதியோடு | சொல்லாமல் நுழைவது | குடியிருந்தவர்களோடு |
|---|---|---|---|---|
| சட்டச் சிக்கல் | மிகக் குறைவு | இல்லை | அதிகம் | குறைவு. சம்மதம் முக்கியம் |
| உடல் ஆபத்து | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | கட்டடத்தைப் பொறுத்தது |
| பணம் | குறைவு | அதிகம் | வெளிப்பார்வைக்கு இல்லை | குறைவு |
| காலம் | ஒரு மழைக்காலம் | கடிதங்களுக்கே மாதங்கள் | ஓரிரவு | ஓராண்டு முதல் |
| வெளியிடுவது | எளிது | நிபந்தனைகளோடு | ஒளித்து ஒளித்து | பேசி முடித்த பிறகு |
| உள்ளே இருப்பது தெரியுமா | தெரியாது | தெரியும் | தெரியும் | தெரியும். யாருடையது என்பதும் தெரியும் |

## பொது இடத்தில் நின்று எடுப்பது

ஏழை வழி என்று இதை ஒதுக்குகிறவர்கள் ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதியை நினைத்துக்கொள்ள வேண்டும். 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஊதுலைகளையும் வெளியே நின்று, நேருக்கு நேராக, மேகமூட்டமான வானத்தின் கீழ் எடுத்தார்கள். நிழலே விழாத அந்தப் படங்களை வரிசை வரிசையாக அடுக்கினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணம்; ஒன்பது தொட்டிகளை ஒரே சட்டகத்தில் பார்த்தால் கண் நகராது. 1990இல் வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான தங்கச் சிங்கம் கிடைத்தது. புகைப்படக்காரர்களுக்குச் சிற்ப விருது!

அவர்கள் காத்துக் கிடந்த சாம்பல் வானம் நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை இலவசம். மழை விட்ட அரை மணி நேரத்தில் கல்லும் செங்கல்லும் நிறம் ஏறி நிற்கும். பாசி பளிச்சென்று தெரியும். குளிர்காலத்துத் தூசி மூட்டத்தில் அந்த நிறம் கிடைக்காது. லால்பாக், பரேல், லோயர் பரேல் பகுதியின் மில் புகைபோக்கிகளை மட்டும் ஒருவர் இந்த முறையில் எடுத்தால் போதும், அருமையான தொடர் ஆகும். ஃபீனிக்ஸ் மில்லின் புகைபோக்கி இன்று ஒரு வணிக வளாகத்தின் தலைக்கு மேல் நிற்கிறது. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்; அது முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. அதற்குப் பிறகு புகைவிடாத தூண்களின் அணிவகுப்பு என்று தலைப்பே வைக்கலாம்.

தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று உண்டு. தரையிலிருந்து கேமராவை அண்ணாந்து பிடித்தால் படத்தில் கட்டடம் பின்னால் சாய்ந்துவிடும். டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் இதைச் சரிசெய்யும். வாங்க வேண்டாம், மும்பையில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. அதைவிட மலிவான வழி, கட்டடத்தின் பாதி உயரத்துக்கு நீங்களே ஏறுவது. ரயில் நிலைய நடைமேம்பாலங்கள், எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டு, நகரப் பேருந்து நிறுவனமான 'பெஸ்ட்'டின் மாடி பஸ்ஸில் மேல்தள முன்னிருக்கை எல்லாம் இதற்கு உதவும். மாடி பஸ்ஸிலிருந்து முதல் மாடிச் சன்னல்கள் கண்ணுக்கு நேராக வரும். சிக்னலில் பஸ் நிற்கும் நொடிகளில் எடுத்துவிட வேண்டும். டிரோன் ஆசையை விட்டுவிடுங்கள். மும்பைக் காவல்துறை தடை உத்தரவுகளைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு பொறுமை. முகப்பை மறைக்கும் லாரி, கேபிள் சிக்கல், தலைவரின் பிறந்தநாள் பேனர், ஆகஸ்டில் கணபதிப் பந்தல் என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். தென் மும்பையில் டிரைபாடை விரித்தால் ஐந்து நிமிடத்தில் ஒருவர் வந்து யார் எவர் என்று விசாரிப்பார். கையில் பிடித்து எடுத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. இன்னொரு செலவு லென்ஸில் பூக்கும் பூஞ்சை. மழைக்கால ஈரத்தில் அலைந்த கேமராவை அப்படியே பையில் மூடி வைத்தால் பருவம் முடிவதற்குள் கண்ணாடிக்குள் வெள்ளை இழை படரும். காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம்.

இந்த வழி உங்களுக்கு உள்ளே இருப்பதைக் காட்டாது. அதைக் குறையாக நினைக்கிறவர்கள் மற்ற வழிகளைப் பார்க்கலாம். தொகுத்து அடுக்கிப் பார்க்கும் மனம் உள்ளவருக்கு, வேலைக்குப் போய்க்கொண்டு ஞாயிறுகளில் மட்டும் எடுப்பவருக்கு, தனியாகப் போகும் பெண்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

## கட்டணமோ கடிதமோ கொடுத்து உள்ளே போவது

இதில் இரண்டு வாசல்கள். ஒன்று, படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் தனியார் வளாகம். கொலாபாவில் கடலோரம் நிற்கும் முகேஷ் மில்ஸ்தான் இதில் பெயர்பெற்றது. அங்கே கணக்கு சினிமாக் கணக்கு: ஷிப்டு, முன்பணம், பாதுகாப்பு வைப்புத்தொகை, விபத்து நேர்ந்தால் உரிமையாளர் பொறுப்பில்லை என்று எழுதித் தரும் பத்திரம். ஒற்றை ஆள் கையில் ஒரு கேமராவோடு வந்து நின்றாலும் விலைப்பட்டியல் மாறாது. நான்கைந்து பேர் சேர்ந்து பங்கிட்டால் கட்டுப்படியாகலாம்.

பணத்தைவிடப் பெரிய செலவு, அந்தச் சுவர் ஏற்கெனவே நடித்துக் களைத்த சுவர் என்பது. பேய்ப்படத்திலும் பாட்டுக் காட்சியிலும் விளம்பரத்திலும் எல்லாரும் பார்த்த வளைவு அது. உங்கள் படத்தில் தெரியும் கரி காலம் பூசியதா, கலை இயக்குநரின் ஆட்கள் பூசியதா என்று எப்படிச் சொல்வீர்கள்? ஃபேஷன் படத்துக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. ஆவணம் என்று பெயர் சொல்லும் படத்துக்குத் தேவை.

இரண்டாவது வாசல் அரசு வசமுள்ள கட்டடங்கள். தேசிய ஜவுளிக் கழகத்தின் கையில் உள்ள மில்களுக்குக் கடிதம் எழுதலாம். பதில் வரும் என்று எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள். வந்தாலும், எந்திரங்களை எடுக்காதே, ஊழியரை எடுக்காதே, அனுமதியின்றி வெளியிடாதே என்று மூன்று வரி இருக்கும்.

பலருக்குத் தெரியாத பக்கவாசல் ஒன்றும் உண்டு. பழைய கட்டடங்களை அளந்து பதிவுசெய்யும் மரபுக் கட்டடக் கலைஞர்களுக்கு எப்போதும் படங்கள் தேவை. கூரைத் தாங்கிகள், சன்னல் சட்டங்கள், படிக்கட்டுக் கைப்பிடிகள் என்று அவர்கள் கேட்கும் சலிப்பூட்டும் படங்களை ஒழுங்காக எடுத்துக் கொடுங்கள். மீதி நேரம் உங்களுடையது. தலைக்கவசமும், எந்தத் தளம் மிதிக்கலாம் எது கூடாது என்று சொல்ல ஒரு பொறியாளரும் கூடவே கிடைப்பார்கள். டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவல் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி அரங்கை 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்தார்கள். அதன்பின் அது எப்படி இருந்தது என்று காட்டுவதற்கு மிஞ்சியவற்றில் முக்கியமானவை இப்படி முறையாக எடுத்த படங்கள்தாம்.

பெரிய ஃபிலிம் கேமராவில், ஒரு ரோலுக்குப் பத்து படம் என்று நிதானமாக எடுப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தும். அவர்களுக்கு ஓர் அறையில் இரண்டு மணி நேரம் யாரும் விரட்டாமல் நிற்க வேண்டும்.

## சொல்லாமல் நுழைவது

வேண்டாம்.

காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 ஆகஸ்ட் 22 மாலை, மகாலட்சுமியில் மூடிக்கிடந்த சக்தி மில்ஸ் வளாகத்துக்குள் பணி நிமித்தம் பாழடைந்த கட்டடத்தைப் படமெடுக்கச் சென்ற இளம் பத்திரிகைப் புகைப்படக்காரர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். ஓர் ஆண் சக ஊழியரும் கூட இருந்தார். துணைக்கு ஆள் இருந்தால் போதும் என்று சொல்லும் யாருக்கும் இந்த நகரம் அன்றே பதில் சொல்லிவிட்டது. குற்றம் செய்தவர்கள் மேல்தான் பழி. ஆனாலும் கூப்பிட்டால் கேட்காத இடத்துக்குள் போக என் தங்கை வயதுப் பெண்ணையோ தம்பி வயதுப் பையனையோ நான் உற்சாகப்படுத்த மாட்டேன்.

கட்டடமும் காத்திருக்காது. 2017 ஆகஸ்ட் 31 காலை பெண்டி பஜாரில், சில குடும்பங்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்த ஒரு பழைய கட்டடம் சரிந்து 33 பேர் இறந்தார்கள். தேக்கு உத்தரம் வெளியே கெட்டியாகத் தெரியும். உள்ளே கரையான் தின்றிருக்கும். மழைநீர் ஊறிய சுண்ணாம்புத் தளம் ஆளின் எடையைத் தாங்குமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மில் கொட்டகைகளில் உடைந்து கிடப்பது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அடுக்கடுக்காய்ப் படிந்த புறா எச்சத் தூசு நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது; தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் இடத்தை மூடியபோது நடந்த சண்டையில் மருத்துவர்கள் சொன்னதும் இதைத்தான்.

இவை எல்லாம் தப்பினாலும், எடுத்த படத்துக்கு இடப்பெயர் போட முடியாது. 'மும்பையில் ஓரிடம்' என்று போட்ட படம் வரலாற்றுக்குப் பயன்படாது. அங்கே இரவில் ஒதுங்கும் வீடற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் படுக்கையறைக்குள் ஃபிளாஷ் அடிக்கிறோம் என்ற எண்ணம் நுழைகிறவருக்கு வருவதே இல்லை.

## குடியிருந்தவர்களோடு சேர்ந்து எடுப்பது

டெட்ராய்ட் நகரின் பாழடைந்த அரங்குகளையும் பள்ளிகளையும் பாரிஸிலிருந்து வந்த இவ் மார்ஷான், ரோமென் மெஃப்ர் இருவரும் 2005 முதல் எடுத்தார்கள். பிரமிக்கவைக்கும் படங்கள். அவற்றின் மீதும் அவற்றைப் போன்றவை மீதும் எழுந்த விமர்சனம் ஒன்று: ஆட்களே இல்லை. 2010 கணக்கெடுப்பின்படி ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நகரம் அது. படங்களைப் பார்த்தால் எல்லாரும் ஒரே ராத்திரியில் ஓடிப்போனது போல இருக்கும். இந்த விமர்சனம் எனக்கு நியாயமாகப் படுகிறது. மும்பைக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

இங்கே கட்டடம் எப்படிக் காலியாகிறது? மழைக்கு முன், மே மாத வாக்கில், மாநில அரசின் வீட்டுவசதி அமைப்பான ம்ஹாடா தன் பொறுப்பிலுள்ள பழைய கட்டடங்களில் மிக ஆபத்தானவற்றின் பட்டியலை வெளியிடும். 2025இல் அதில் 96 கட்டடங்கள் இருந்தன. மாநகராட்சியும் தன் பங்குக்குக் கட்டடங்களைச் சி-1, சி-2, சி-3 என்று தரம் பிரிக்கும். சி-1 என்றால் காலி செய்து இடிக்க வேண்டியது. மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 354ஆம் பிரிவு நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும். தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்படும். குடும்பங்கள் டிரான்சிட் கேம்ப் எனும் தற்காலிகக் குடியிருப்புக்குப் போகும். சயான் பிரதீக்ஷா நகரில் பத்தாண்டுகளாக 'தற்காலிகமாக' இருப்பவர்களை அங்கே வசிக்கும் தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும்.

நோட்டீஸுக்கும் பூட்டுக்கும் நடுவே உள்ள அந்தக் காலம்தான் உங்களுடையது. வீட்டுக்காரர் கதவைத் திறந்து, உள்ளே வாருங்கள் என்று சொல்லும் காலம். மாடுங்காவின் பழைய தமிழ் வீடொன்று காலியாகும்போது எவையெல்லாம் மிஞ்சுகின்றன என்று பாருங்கள்: உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி, நிலைப்படியில் தேய்ந்த மஞ்சள், சுவாமி மாடத்தில் எண்ணெய்க் கறை, கதவோரம் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள், தினசரிக் காலண்டர் தொங்கிய இடத்தில் மட்டும் மங்காத சுண்ணாம்பு. பூட்டை உடைத்து நுழைந்தவனுக்கு இவை வெறும் கறைகள். பாட்டி பக்கத்தில் நின்று இது இன்னது என்று சொன்னால்தான் எதை நோக்கிக் கேமராவைத் திருப்புவது என்றே தெரியும்.

கருவி பெரிதாக வேண்டாம். நல்ல மொபைல்கூடப் போதும். ஒன்றை மட்டும் தவிருங்கள்: மிக அகன்ற கோண லென்ஸ். நூற்றறுபது சதுர அடிக் கோலியை, அதாவது ஒற்றை அறை வீட்டை, கல்யாண மண்டபமாகக் காட்டினால் அது பொய். அந்த நெருக்கடிதான் அந்த வீட்டின் விஷயமே.

இனி, மறைந்திருக்கும் செலவுகள். இந்த வழியில்தான் அவை மிக அதிகம், மிக நுட்பமானவை. சி-1 தரம் சரியா என்பதிலேயே பல கட்டடங்களில் சண்டை நடக்கும். உரிமையாளர் அமர்த்திய பொறியாளர் இடிக்க வேண்டும் என்பார். வாடகைதாரர்கள் அமர்த்தியவர் பழுதுபார்த்தால் போதும் என்பார். முரண்பட்ட அறிக்கைகள் மாநகராட்சியின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்குப் போகும். அந்த நேரத்தில் நீங்கள் ஆசையாக எடுத்த விரிசலின் படம் ஒரு சாட்சியம். அழகாக இருக்கிறதே என்று வெளியிட்டால், உங்களுக்கு டீ கொடுத்த குடும்பத்துக்கு எதிராகவே அது திரும்பலாம். நேர்மாறாக, வாடகைதாரர் சங்கம் உங்களைத் தன் ஆளாக நினைத்துக்கொண்டு, இதை எடு, அதை எடுக்காதே என்று சொல்லவும் தொடங்கும்.

ஆகவே முதல் நாளே ஒரு பக்கத் தாளில், அவர்களுக்குத் தெரிந்த மொழியில், எந்தப் படம் எங்கே எப்போது வெளிவரும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள். வழக்கு முடியும்வரை விரிசல், தூண், கூரை போன்றவற்றின் படங்களை வெளியிட மாட்டேன் என்பதும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல பிரிண்ட் கொடுக்க வேண்டும். அதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள். படம் வேண்டாம் என்று பாதியில் ஒருவர் மனம் மாறினால், வாக்குவாதம் செய்யாமல் எடுத்துவிட வேண்டும். சில நேரம் அது தொடரின் மிகச் சிறந்த படமாக இருக்கும். இருக்கட்டும்.

ஆபத்து இங்கேயும் உண்டு. ஆட்கள் வசிக்கிறார்கள் என்பதால் கட்டடம் உறுதியானது என்று ஆகிவிடாது. கனமழை நாளில் போகாதீர்கள். மேல்மாடியை வீட்டுக்காரரே தவிர்க்கிறார் என்றால் நீங்களும் தவிருங்கள்.

## யாருக்கு எது

கல்லூரி மாணவர், கையில் காசில்லை, ஒரு பருவம்தான் நேரம் என்றால் தெருவே போதும். ஒரே வகைக் கட்டடத்தை, ஒரே விதமாக, ஒரே வானத்தின் கீழ் எடுங்கள். புகைபோக்கி அலுத்தால் மூடிக்கிடக்கும் ஒற்றைத் திரை அரங்குகளின் முகப்புகள் இருக்கின்றன.

வேலையில் இருப்பவர், வடிவமும் வெளிச்சமும்தான் என் ஆர்வம் என்பவர், செலவழிக்கத் தயாராக இருப்பவர் அனுமதி வழியில் போகலாம். வாடகை வளாகத்தைவிடக் கட்டடக் கலைஞரோடு போவதையே நான் சிபாரிசு செய்வேன்.

ஓராண்டு ஒரே கட்டடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக முடியும், பேச்சுக் கொடுக்கத் தெரியும், பாட்டிகள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பேன் என்பவர் நான்காவது வழிக்கு வாருங்கள். மும்பையில் இதுவரை போதுமான அளவு எடுக்கப்படாதது அதுதான். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த மாடுங்கா, சயான் கட்டடங்களில் மொழி உங்களுக்குக் கதவைத் திறக்கும். அந்தச் சலுகை வேறு ஊர்ப் புகைப்படக்காரருக்குக் கிடையாது.

எந்த வழியானாலும், கண்காட்சி இடத்துக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் முறை வர ஆண்டுக்கணக்கில் ஆகும். படம் எடுத்து முடித்த பிறகு விண்ணப்பித்தால் கட்டடமே இருக்காது. அதற்கிடையில் டிரான்சிட் கேம்ப்பின் சமுதாயக் கூடத்தில் ஒரு ஞாயிறு மாலை கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிடலாம். கூட வாடகை சொற்பம். வருகிறவர்கள் உங்கள் தலைப்புக் குறிப்புகளில் உள்ள பிழைகளை அங்கேயே திருத்திக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.